கப்பித்தானின் உதடுகள்

ஜூலை 14

ஸ்பீக்கர்களுக்குப் புது சவுண்ட் மிக்சர் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரிக்கும்போது திருவிழாக் கமிட்டி முழுவதும் என் செராக்ஸ் கடைக்குள் நின்றது. பிள்ளை பிறந்த வீடு மாதிரி ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் லெயோன் அண்ணாச்சிக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது.

"என்னடே, பழசுல எம்புட்டுக் குமிழு இருந்துச்சு! இதுல ஒரு டிவியும் நாலு பட்டனும்தான் இருக்கு."

"எல்லாம் உள்ளுக்குள்ள இருக்கு அண்ணாச்சி."

"உள்ளுக்குள்ள இருந்து என்ன பிரயோசனம்? பாக்குறவனுக்குத் தெரிய வேண்டாமா?"

உபயம் கிறிசாந்து. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்களையெல்லாம் பிடித்து இதை வாங்க வைத்திருக்கிறான். வழக்கமாகத் திருவிழாக் கொடியேற்றத்தை ஒட்டித்தான் லீவில் வருவான். இந்த வருஷம் ஜூன் கடைசியிலேயே வந்துவிட்டான். ஏன்லே என்று கேட்டேன். "உன் மூஞ்சியப் பாக்கணும்னு தோணிச்சு மக்கா" என்றான். பொய் சொன்னாலும் அழகாகச் சொல்லுவான், படவா.

இந்த டைரி மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. இத்தனை நாள் மேசை டிராயரில் கிடந்தது. மிக்சரோடு மல்லுக்கட்டுவதை எழுதி வைத்தால் அடுத்த வருஷம் உதவும் என்று எடுத்திருக்கிறேன்.

ஜூலை 15

ரேஷன் கார்டு திருத்தத்துக்குக் கூட்டம். மிக்சரைத் தொட முடியவில்லை.

ஜூலை 17

நான் காய்ச்சலில் படுத்தால்கூட இதைப் பார்த்து வேறொருவர் செய்ய வேண்டும். அதனால் முழுதாக எழுதுகிறேன்.

எட்டாம் திருவிழா அன்று சாயங்காலம் கடற்கரை மணலில் கப்பித்தான் நாடகம். புயலில் சிக்கிய கப்பலை விட்டு ஆட்கள் எல்லாரும் படகேறித் தப்பிப் போய்விட, கப்பல் தலைவரான கப்பித்தான் மட்டும் தனியாகச் சுக்கானைப் பிடித்து நின்று மாதா சொரூபத்தை எங்கள் கரையில் சேர்த்த கதை. ஆகஸ்டில் அடிக்கிற கச்சான் காற்று மைக்கில் மோதி வசனத்தைத் தின்றுவிடும். ஆகவே வசனம் எல்லாம் முன்கூட்டியே பதிவு. மேடையில் இருப்பவர்கள் வாயசைப்பார்கள்.

கப்பித்தானாக நிற்பது கிறிசாந்து. ஆறடி உயரம், விரிந்த நெஞ்சு. கப்பித்தானின் குரல் நான். நான் மேடையேறினால் சுக்கானுக்கு மேலே என் தலை தெரியாது. அவன் வாயைத் திறந்தால் மெல்லிசாக வரும். ஆளுக்குப் பாதி என்று பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறார் ஆண்டவர். ஊரில் வருஷம் முழுக்க அவனைக் கப்பித்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடுவது "எமிலியான், ரெண்டு காப்பி எடு" என்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வசனம் ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைல். கிறிசாந்து மூச்சு இழுப்பான், தோள் ஏறும், நான் விசையைத் தட்டுவேன். அவன் உதடு பிரியவும் என் குரல் வரவும் சரியாக இருக்கும். சைகை கிடையாது. இருபது வருஷமாக ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. வெளியூர்க்காரர்கள் அது அவன் குரல் என்றே நினைத்துக்கொண்டு போவார்கள்.

கப்பித்தானின் மனைவிக்குக் குரல் டெல்பின், என் மனைவி. முதல் பதிவின்போது மனைவி இல்லை. ஒரே மைக்கின் முன்னால் நின்றோம். "நீங்கள் கரை திரும்பும்வரை இந்த விளக்கை நான் அணைக்கப் போவதில்லை" என்று அவள் வசனம் சொன்னாள். எனக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. மறு வருஷம் கல்யாணம்.

இப்போது மிக்சர். முன்பு லேப்டாப்பில் காதுக்கு மாட்டுகிற ஓட்டையில் ஒரு ஒயரைச் செருகினால் தீர்ந்தது. இதற்கு யூஎஸ்பி கேபிள். சத்தம் எண்களாகவே போகிறது, இரைச்சல் இல்லை. ஆனால் அந்த எண்களைச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும், குழாயடியில் குடம் நிரம்பிய பிறகு தூக்குகிற மாதிரி. அந்தக் குடத்துக்குப் பெயர் பஃபர். குடம் பெரிசானால் சத்தம் தாமதமாக வரும். சிறிசானால் வெட்டி வெட்டி வரும். நடுவில் ஓர் அளவு பிடிக்க வேண்டும். பிடித்துவிடுவேன்.

ஜூலை 20

முதல் ஒத்திகை. மானம் போயிற்று.

கிறிசாந்தின் உதடு முன்னால் போகிறது, என் குரல் பின்னால் ஓடுகிறது. "கடலே" என்று அவன் வாயை மூடிய பிறகு ஸ்பீக்கர் "கடலே" என்கிறது. மாலுமி வேஷக்காரன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிறிசாந்து சிரிக்கவில்லை. "புது மிக்சர்ல, பழகணும்ல" என்று அவனே எனக்காகப் பேசினான். நல்ல மனசு.

ஜூலை 21

குடத்தைச் சிறிதாக்கினேன். கைதட்டல் ஒன்றைப் பதிவு செய்து, ஸ்பீக்கரில் விட்டு, அதை மறுபடி மைக்கில் பிடித்து இரண்டுக்கும் இடைவெளி பார்த்தேன். கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தாமதத்தை ஈகூடக் கவனிக்காது. பிறகு ஏன்?

கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 23

டெல்பின் தன் தங்கச்சிக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று காலை பஸ்ஸில் தூத்துக்குடி போனாள். பொழுது சாயத்தான் வந்தாள். சேலை எதுவும் பிடிக்கவில்லையாம்.

கேபிள் மாற்றியாயிற்று.

ஜூலை 24

டெல்பினுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பஸ் காற்று என்கிறாள். மிளகு பால் போட்டுக் கொடுத்தேன். வாங்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் மிளகு பால் போடுவது அப்படி ஒன்றும் அதிசயம் இல்லையே.

ஜூலை 27

இரண்டாம் ஒத்திகை. புதுக் கேபிள், சின்னக் குடம், எல்லாம் இருந்தும் அதே கதை.

ஒன்று கவனித்தேன். கப்பித்தான் மனைவியாக நடிக்கிற பெனிட்டா டீச்சருக்கு உதடு அச்சாகப் பொருந்துகிறது. மாலுமிகளுக்கும் பொருந்துகிறது. கிறிசாந்துக்கு மட்டும்தான் பொருந்தவில்லை. காரணம் இருக்கிறது. அவன் சுக்கான் பக்கம், ஸ்பீக்கரில் இருந்து எட்டி நிற்கிறான். சத்தம் காற்றில் நடந்து அவனிடம் போகவும் நேரம் வேண்டுமில்லையா? அவன் காலடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வைத்துவிட்டால் சரியாகப் போய்விடும்.

லெயோன் அண்ணாச்சி என் தோளில் கை போட்டு, "ரொம்ப மெனக்கெடாத எமிலியான்" என்றார். இருபது வருஷத்தில் அவர் வாயில் இருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. என்மேல் நம்பிக்கை போய்விட்டது போல.

ஜூலை 28

காலடி ஸ்பீக்கர் வைத்து அவனை மட்டும் தனியாக வரச்சொல்லிப் பார்த்தேன். பிரயோசனம் இல்லை.

ஜூலை 30

கோளாறு மிக்சரில் இல்லை என்றால் மிச்சம் இருப்பது என் விரல்தான். நாற்பத்தாறு வயதாகிறது. டெல்பினைக் கைதட்டச் சொல்லி, அவள் கை சேரும்போது விசையைத் தட்டிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப. ஒரு கட்டத்தில் அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"போதுங்க. உங்க வெரல்ல ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் பிசகுது?"

"எனக்கென்ன தெரியும்? விடுங்களேன்."

சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 1

கண்ணாக இருக்குமோ என்று கண்ணாடிக் கடைக்குப் போய்வந்தேன். கண்ணும் சரியாக இருக்கிறதாம்.

கிறிசாந்து கடைக்கு வந்தான். சீலா மீன் ஒன்று பையில். "ஒனக்குத்தாம்லே, எடுத்துக்கோ." பெஞ்சில் உட்காராமல் வாசலிலேயே நின்றான். "மிக்சருதான் கோளாறு மக்கா. நீ போட்டு ஒடம்பக் கெடுத்துக்காத. அன்னைக்குத் தானா சரியாயிரும்."

எப்படித் தானாகச் சரியாகும் என்று கேட்பதற்குள் பைக்கை எடுத்துவிட்டான். மீன் நல்ல மீன்.

ஆகஸ்ட் 3

மூன்றாம் ஒத்திகை. இந்தத் தடவை என் போனை மேடைக்கு எதிரே ஒரு நாற்காலியில் கட்டி வைத்து அவன் முகத்தை மட்டும் படம் பிடித்தேன். முந்தின இரண்டு ஒத்திகையையும் பெனிட்டா டீச்சரின் வீட்டுக்காரர் எடுத்து வைத்திருக்கிறார். அதையும் வாங்கி வந்தேன். நாளை லேப்டாப்பில் போட்டு எவ்வளவு தாமதம் என்று அளந்து, அவ்வளவையும் முன்னால் தள்ளிவிட்டால் தீர்ந்தது பிரச்சினை.

ஆகஸ்ட் 4

அளந்தேன்.

தாமதம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்க வேண்டும். மிக்சர் செய்தாலும் சரி, கேபிள் செய்தாலும் சரி, அப்படித்தான். இவன் உதடு ஓர் இடத்தில் முந்துகிறது, ஓர் இடத்தில் பிந்துகிறது. நான் மூச்சு விடாமல் சொல்லும் வசனத்தில் அவன் நடுவில் நிறுத்துகிறான். நான் "கடலே" என்று ஒருமுறை சொல்லும் இடத்தில் அவன் உதடு இருமுறை அசைகிறது.

சரி, மறதி என்று நினைத்தேன். மூன்று ஒத்திகையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சத்தத்தை அடைத்துவிட்டு ஓடவிட்டேன். மூன்றிலும் அவன் உதடு ஒரே இடத்தில் நின்றது. ஒரே இடத்தில் இரண்டு முறை அசைந்தது. மறதிக்காரன் தினம் ஒரு மாதிரி உளறுவான். இவன் பிசகவே இல்லை. அருமையாக வாயசைக்கிறான், என் குரலுக்கு அல்ல. வேறு ஏதோ குரலை மனப்பாடம் செய்துவிட்டு வந்து நிற்கிறான்.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. டெல்பின் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தாள். திரையில் கிறிசாந்து சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தான். பார்த்த உடனே தூக்கை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கிறிசாந்தண்ணன்தான் சொல்லுதேன்னாரு" என்றாள். "இன்னைக்குச் சொல்லுதேன், நாளைக்குச் சொல்லுதேன்னு தள்ளிக்கிட்டே போயிட்டாரு."

"என்னத்தச் சொல்லுதேன்னான்?"

"லீவுல வந்ததுல இருந்து தெனமும் பேசிப் பழகிட்டு, தூத்துக்குடியில ஸ்டுடியோவுல பேசியிருக்காரு. கப்பித்தான் வசனம் பூராவும். அவரு சொந்தக் கொரல்ல. கமிட்டிக்கும் தெரியும்."

"நீ சேலை எடுக்கப் போன அன்னைக்கா?"

தலையை ஆட்டினாள். "முழுசா ஒரே பதிவா எடுக்கணும்னாங்க. நான் பேசாட்டி வேற யாராச்சும் பேசுவாங்கன்னாங்க."

ஆக அவளும் கிறிசாந்தும் ஓர் அறையில், ஒரு மைக்கின் முன்னால் நின்றிருக்கிறார்கள். விளக்கு வசனத்தை அவள் அவனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். வந்து என் கையால் மிளகு பால் வாங்கிக் குடித்திருக்கிறாள். தப்பாக எதுவும் நடக்கவில்லை, எனக்குத் தெரியும். நடந்திருந்தால்கூட இவ்வளவு வலிக்குமா என்று தெரியவில்லை.

"என்னை ஒத்திகையில வச்சு ஊரே வேடிக்க பாத்திருக்கு, இல்ல?"

"அப்படிச் சொல்லாதீங்க. மஸ்கட்டுல கூட இருக்கிறவங்க கப்பித்தான் மாதிரி பேசு பேசுன்னு கேட்டுருக்காங்க. பேசியிருக்காரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். அவரு மவளே கேட்டாளாம், அப்பா நாடகத்துல ஏன் நீ எமிலியான் மாமா மாதிரி பேசுதேன்னு. அவருக்கும் ஒரு தடவ ஆச இருக்காதா?"

"ஆசைப்பட்டா எங்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 5

கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 6

கொடியேற்றம். கூட்டத்துக்கு நடுவில் லெயோன் அண்ணாச்சி என் சட்டைப் பைக்குள் ஒரு பென்டிரைவைத் திணித்தார்.

"வருத்தப்படாத எமிலியான். ஒனக்கும் வேல மிச்சம்தான. ரெண்டு மணி நேரமும் ஒரே ஃபைலு. நீ ஒரு பட்டன அமுக்கிட்டுச் சும்மா உக்காந்து நாடகம் பாக்கலாம். இத்தன வருசத்துல நீ ஒரு தடவயாச்சும் நாடகத்த நிம்மதியாப் பாத்திருக்கியா?"

நிஜமாகவே எனக்கு நல்லது செய்கிறதாக நினைக்கிறார். கொடி மேலே ஏறும்போது எல்லாரும் கைதட்டினார்கள். கிறிசாந்து கயிறு பிடிக்கும் வரிசையில் நின்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 8

டெல்பினோடு தேவைக்கு மட்டும் பேச்சு. உப்பு, சாவி, கேஸ் சிலிண்டர்.

பென்டிரைவை லேப்டாப்பில் போட்டேன். கேட்கவே கூடாது என்றுதான் இருந்தேன். மேடைக்குப் போவதற்கு முன் சோதிக்காமல் முடியாதே. நான் சோதித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கிறிசாந்தின் குரல் தடித்து, இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு குப்பியை முழுதாகக் கவிழ்த்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தவன் போல. டெல்பின் பேசினால் ஆம்பளைக் குரல். கடைக்குள் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

காரணம் உடனே தெரிந்துவிட்டது. சத்தத்தை நொடிக்கு இத்தனை துண்டு என்று நறுக்கித்தான் ஃபைலாக வைப்பார்கள். ஸ்டுடியோக்காரர் பொடியாக நறுக்கியிருக்கிறார். என் லேப்டாப்பும் மிக்சரும் பழைய பதிவின் கணக்கில், நொடிக்குக் குறைவான துண்டு என்று எடுத்து வாசிக்கின்றன. அதனால் இழுக்கிறது. ஓர் இடத்தில் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். ஊரில் இது தெரிந்தவன் நான் ஒருவன்.

மாற்றவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10

ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். எட்டாம் திருவிழா அன்று பட்டனை அமுக்கினால் ஊர் முழுக்க, மஸ்கட் வரைக்கும், சிரித்தே அவனைக் கொன்றுவிடும். என்னைக் கேட்டால், ஃபைல் அப்படித்தான் வந்தது அண்ணாச்சி, நான் ஒரு பட்டனைத்தானே அமுக்கினேன் என்று சொல்லிவிடலாம்.

இதை நினைத்தால்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்குகிறது.

ஆகஸ்ட் 12

கிறிசாந்து டெல்பின் கையில் சென்ட் பாட்டில் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறான். மீன் முடிந்தது, இப்போது சென்ட். நேரில் வந்து நிற்க மட்டும் கால் வரவில்லை அவனுக்கு.

ஆகஸ்ட் 13

காலையிலேயே கடற்கரைக்குப் போய் ஒயர் இழுத்தேன். மேடைக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் என் மேசை. லேப்டாப்பில் ஒரு பக்கம் புது ஃபைலையும், இன்னொரு பக்கம் பழைய வசனங்களையும் வரிசையாகத் திறந்து வைத்தேன். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பேன்.

மதியம் எண்ணை மாற்றிவிட்டேன்.

நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்தத் தடித்த சத்தத்தை என் ஸ்பீக்கரில் இருந்து நானே வெளியே விட எனக்குக் கை வரவில்லை. டெல்பினின் குரலும் அல்லவா அதில் இருக்கிறது? சரி செய்த பிறகு கிறிசாந்தின் குரலை ஒழுங்காகக் கேட்டேன். மோசமில்லை. அதுதான் எரிச்சல். மெல்லிசுதான், ஆனால் பயந்த மனுஷன் ஒருவன் பயத்தை மறைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. நான் கப்பித்தானைப் பயந்தவனாக ஒருநாளும் நினைத்ததில்லை. விளக்கு வசனமும் கேட்டேன். என்னிடம் சொன்ன மாதிரி சொல்லவில்லை என்று எழுத ஆசை. அதே மாதிரிதான் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 14

நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். கடையில் ஆள் இல்லை.

பொழுது சாய்ந்ததும் நாடகம் ஆரம்பித்தது. பட்டனை அமுக்கினேன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அச்சாகப் பொருந்தியது. கிறிசாந்து வாயைத் திறக்க, அவன் குரலே வந்தது. கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு அடங்கிவிட்டது. அவன் மகள் முன்வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்றாள். விளக்கு வசனம் வந்தபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புயல் காட்சியில்தான் வினை. மாலுமிகள் நாலு பேரும் கப்பலில் இருந்து இறங்கி, சக்கரம் வைத்த சின்னப் படகில் ஏறித் தப்பிக்க வேண்டும். கயிறு கட்டித் திரைக்குப் பின்னால் இருந்து இழுப்பார்கள். சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் தம் கட்டி இழுக்கிறார்கள், படகு அசையவில்லை. மாலுமிகள் பாதி இறங்கி, பாதி ஏறி முழிக்கிறார்கள். ஃபைலுக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு ஓடியது. "எல்லாரும் போய்விட்டார்கள். இந்தக் கப்பலில் நான் ஒருவன்தான் மிச்சம்" என்கிறது கப்பித்தான் குரல். பக்கத்திலேயே நாலு பேர் நிற்கிறார்கள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விசில் பறந்தது. கிறிசாந்தின் உதடு நின்றுவிட்டது. அவன் குரல் அவனை விட்டுவிட்டு மேலே மேலே பேசிக்கொண்டு போயிற்று. அப்போது என் கொட்டகையைப் பார்த்தான். இருபது வருஷத்தில் நாடகத்தின் நடுவே என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை.

நிறுத்தினேன்.

கடல் சத்தம் மட்டும். படகு கிளம்பும்வரை புயல் இரைச்சலை ஓடவிட்டு, அவன் ஃபைலை அந்த வசனத்தின் தொடக்கத்துக்கு இழுத்து வைத்தேன். ஒரு வழியாகச் சக்கரம் ஏறி, மாலுமிகள் போய்ச் சேர்ந்தார்கள். கிறிசாந்து தனியாகச் சுக்கானைப் பிடித்து நின்றான். முகத்தில் வேர்வை. கூட்டத்தில் இன்னும் அங்கங்கே சிரிப்பு. என் பழைய வசனம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் ஊர் கேட்டுப் பழகிய கப்பித்தான் வந்துவிடுவார். அவன் உதட்டுக்குப் பொருந்தாது, பொருந்தாவிட்டால் என்ன, ஊருக்கே தெரியட்டும் இவன் யாரிடம் கடன்பட்ட கப்பித்தான் என்று. விரலை அங்கேதான் வைத்திருந்தேன். சத்தியமாக அங்கேதான் வைத்திருந்தேன்.

அவன் மூச்சு இழுத்தான். தோள் ஏறியது.

நான் அவன் ஃபைலைத் தட்டினேன். அவன் குரல், அவன் உதட்டில் சரியாக வந்து உட்கார்ந்தது. வசனம் முடிந்ததும் நிறுத்தினேன். மறுபடி தோள் ஏறியது, தட்டினேன். கடைசி வரை அப்படியே கொண்டுபோனேன். அவன் அழுதான், நிஜமாகவே அழுதான், அதற்கும் இடம் விட்டேன். சிரித்த கூட்டம் வாயடைத்துப்போயிற்று. சொரூபம் கரையேறியபோது பெண்கள் எல்லாரும் மணலில் முட்டி போட்டார்கள். இவ்வளவு நன்றாக நாங்கள் ஒருபோதும் செய்ததில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அவன் வந்து கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேனா? நினைத்தேன். கிறிசாந்தைச் சுற்றி ஆட்கள். லெயோன் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"பாத்தியா எமிலியான், நான் சொல்லல? நடுவுல படகு மாட்டியும் கம்ப்யூட்டரு தானா நின்னு தானா ஓடிருச்சு! இனிம ஆளே வேண்டாம். ஒரு பட்டன்தான், என்னடே கப்பித்தான்?"

கிறிசாந்து என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். ஊரில் வேறு எவனுக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும். மகள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். பங்குச் சாமியார் அவன் கையைப் பிடித்திருந்தார்.

"ஆமா அண்ணாச்சி" என்றான். "ஒரு பட்டன்தான்."

ஸ்டுடியோவுக்குப் போனதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். இதை முடியாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது டெல்பின் என்னோடு சேர்ந்து நடந்தாள். "நீங்கதான் நிறுத்தி நிறுத்தி விட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அங்கே, அத்தனை பேருக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். செருப்பில் ஏறிய மணலைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஆகஸ்ட் 15

பத்தாம் திருவிழா. தேர். கூட்டத்துக்குப் போகவில்லை. மிக்சரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, கேபிளைச் சுற்றிக் கட்டினேன். பெட்டிச் சாவியையும் பென்டிரைவையும் கமிட்டி அறையில் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

நாளைக்குக் கிறிசாந்துக்கு விமானம். கடைக்கு வந்தான். பாஸ்போர்ட் நகல் எடுக்க வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை பெஞ்சில் உட்கார்ந்தான். மின்விசிறியைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான். பிறகு பையில் இருந்து அந்தப் பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"மக்கா, ஒரு ஒதவி. அன்னைக்கு நீ நிறுத்துன எடம், விட்ட எடம் எல்லாத்தையும் இந்த ஃபைலுக்குள்ளயே வச்சிர முடியுமா? அடுத்த வருசம் அது பாட்டுக்கு ஓடுமில்ல. ஒனக்கும் செரமம் இருக்காது."

நிஜமான பாசத்தோடுதான் கேட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எந்த எடம்?" என்றேன்.

"அதாம்லே, புயல்ல..."

"நான் ஒரு பட்டனத்தான அமுக்குனேன். நீதான சொன்ன."

அவன் முகம் செத்துவிட்டது. பென்டிரைவைத் திரும்ப எடுக்கவா வேண்டாமா என்று கையை நீட்டி, மடக்கினான். கடைசியில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூச்சு இழுத்தான், தோள் ஏறியது.

மேசைமேல் இருந்த என் விரல் தன்னால் தட்டியது.

வாய் திறந்தபடியே நின்றான், சத்தம் வரவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.